ஆந்த்ராகுயினோன் மின்முனை இருபது சுற்றுகளில் ஓய்ந்துவிடுகிறது: பொருளை மாற்றுவதா, முறையை மாற்றுவதா?

கேள்வி: காட்பாடி மாணவி

அனைவருக்கும் வணக்கம். காட்பாடியை அடுத்த ஒரு கல்லூரியில் முதுநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மறுமின்னேற்ற மின்கலங்களில் கோபால்ட், நிக்கல் போன்ற உலோக ஆக்சைடுகளுக்குப் பதிலாகக் கரிமச் சேர்மங்களை மின்முனைப் பொருளாகப் பயன்படுத்துவது குறித்து ஆய்வேடு எழுதி வருகிறேன். எளிதில் கிடைக்கிறது, விலை குறைவு என்பதால் ஆந்த்ராகுயினோனைத் தேர்ந்தெடுத்தேன். அதன் மூலக்கூறில் உள்ள இரண்டு கார்பனைல் தொகுதிகளும் ஆளுக்கோர் எலக்ட்ரானையும் ஒரு லித்தியம் அயனியையும் ஏற்றுக்கொள்வதால், கணக்குப்படி கிராமுக்கு 257 மில்லி ஆம்பியர்-மணி கொள்திறன் கிடைக்க வேண்டும்.

செய்த முறை இதுதான். நூற்றுக்கு 60 பங்கு ஆந்த்ராகுயினோன், 30 பங்கு கடத்தும் கரித்தூள், 10 பங்கு பி.வி.டி.எஃப். பிணைப்பான் ஆகியவற்றை என்.எம்.பி. கரைப்பானில் குழைத்து, அலுமினியத் தாளில் பூசி, வெற்றிட அடுப்பில் 110 பாகை செல்சியஸில் ஓரிரவு முழுவதும் உலர்த்தினேன். பிறகு அனுமதி பெற்று வேறோர் ஆய்வகத்தின் கையுறைப் பெட்டியில் (காற்றும் ஈரமும் புகாத பெட்டி), எதிர்முனையாக லித்தியம் உலோகத்தையும் மின்பகுளியாக டயாக்சோலேன், டைமீத்தாக்சிஈத்தேன் என்ற ஈத்தர் கரைப்பான்களின் கலவையில் கரைத்த லித்தியம் உப்பையும் வைத்து, சி.ஆர். 2032 காயின் செல்களாக மூடினேன்.

முதல் மின்னிறக்கத்தில் 2.2 வோல்ட்டை ஒட்டி அழகான சமதளம் வந்தது. ஆனால் கிடைத்தது கிராமுக்கு 190 மட்டுமே. இரண்டாம் சுற்றில் (ஒரு மின்னிறக்கமும் ஒரு மின்னேற்றமும் சேர்ந்தது ஒரு சுற்று) 150. இருபதாம் சுற்றில் 48. ஒரு செல்லைத் திறந்து பார்த்தபோது, வெள்ளையாக வைத்த பிரிப்புத் தாள் செம்பழுப்பாக மாறியிருந்தது. லித்தியத் தகட்டின் பளபளப்பும் போய்விட்டிருந்தது. நான்கு செல்களிலும் ஏறத்தாழ இதே கதைதான்.

என் கேள்விகள் இரண்டு. முதலாவது, இந்தப் பொருளைக் கைவிட்டு வேறொன்றுக்குப் போக வேண்டுமா, அல்லது செய்முறையில் பிழை இருக்கிறதா? இரண்டாவது, கரிம மின்முனைகள் கோபால்ட் மின்முனைகளை விரைவில் அகற்றிவிடும், அவை சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாதவை என்று முன்னுரையில் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதுவது சரிதானா? ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் இரண்டு மாதங்களே உள்ளன.

---

மறுமொழி 1: சத்துவாச்சாரி ஆசிரியர்

உங்கள் பதிவில் விவரங்கள் முழுமையாக இருப்பதால் விடை சொல்வது எளிதாகிறது. உங்களிடம் இருப்பது ஒரு குறை அன்று, இரண்டு குறைகள். அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதால் ஒன்றாகத் தெரிகின்றன.

முதல் குறை அடுப்பில் இருக்கிறது. அடுத்த முறை மின்முனையை உலர்த்தி எடுக்கும்போது வெற்றிட அடுப்பின் கண்ணாடிக் கதவின் உட்புறத்தை விளக்கு வைத்துப் பாருங்கள். மேல் விளிம்பை ஒட்டி, மயிரிழை போன்ற வெளிர்மஞ்சள் ஊசிப் படிகங்கள் ஒட்டியிருந்தால் அவை உங்கள் ஆந்த்ராகுயினோன். திண்மத்திலிருந்து நேரே ஆவியாகும் பொருள் அது. வெற்றிடமும் 110 பாகைச் சூடும் ஓரிரவும் சேர்ந்தால் கணிசமாகப் பறந்துவிடும். நான் முதன்முதலில் ஆந்த்ராகுயினோனின் குடும்பமான குயினோன்களில் வேலை செய்தபோது, அந்தப் படிகங்களை யாரோ பழைய மாணவர் விட்டுச்சென்ற அழுக்கு என்று எண்ணி மூன்று வாரம் துடைத்துக்கொண்டிருந்தேன். பென்சோகுயினோன் இதைவிடவும் மோசம். அறை வெப்பத்திலேயே குப்பியின் மூடியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இதனால் உங்கள் கணக்கு எப்படித் தவறுகிறது என்று பாருங்கள். 60 பங்கில் 15 பங்கு பறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மீதமிருக்கும் 85 பங்கு எடையில் ஆந்த்ராகுயினோன் 45 பங்கு, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 53. நீங்களோ உலர்ந்த எடையை நிறுத்து, அதில் 60 சதவீதம் என்று எடுத்திருப்பீர்கள். அப்படியானால் 190 என்று நீங்கள் எழுதியது உண்மையில் 215 ஆக இருக்கும். ஆகவே முதல் சுற்றில் காணும் குறைவில் ஒரு பங்கு பொருளின் குறையே அன்று, தராசின் குறை. வெற்றிடமில்லாமல் 60 பாகையில் நெடுநேரம் உலர்த்திப் பாருங்கள், அல்லது நீரில் கரையும் பிணைப்பானுக்கு மாறுங்கள். என்.எம்.பி.யைத் துரத்துவதற்காகத்தானே இவ்வளவு சூடும் தேவைப்பட்டது.

இரண்டாம் குறைதான் இந்தத் துறையின் நெடுநாள் நோய். உலோக ஆக்சைடு மின்முனை ஒரு கட்டடம் போன்றது. லித்தியம் உள்ளே வரும், வெளியே போகும், கட்டடம் நிற்கும். சிறு கரிம மூலக்கூறுகளின் படிகம் அப்படிப்பட்டதன்று. மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருப்பது வலுக்குறைந்த ஈர்ப்பு மட்டுமே. எலக்ட்ரானை ஏற்றவுடன் மூலக்கூறு மின்னூட்டம் பெற்ற அயனியாகிறது, ஈத்தர் கரைப்பான் அதை அன்புடன் அழைத்துக்கொள்கிறது. உங்கள் பிரிப்புத் தாளில் படிந்த செம்பழுப்பு நிறம், ஒடுங்கிய (எலக்ட்ரானை ஏற்ற) ஆந்த்ராகுயினோன் கரைந்து வெளியேறியதற்கான சான்று. கரைந்தது லித்தியத் தகடு வரை நீந்திச் சென்று அங்கே வினைபுரிகிறது. தகட்டின் பளபளப்பு போனது அதனால்தான். லித்தியம்-கந்தக மின்கலத்தில் பாலிசல்ஃபைடுகள் என்ற கரையும் கந்தகச் சேர்மங்கள் செய்யும் அதே வேலை.

இதை நீங்களே உறுதிசெய்துகொள்ளலாம். மின்னிறக்கம் செய்த ஒரு செல்லைப் பெட்டிக்குள்ளேயே திறந்து, மின்முனையை மட்டும் எடுத்து, இரண்டு மில்லிலிட்டர் புதிய மின்பகுளி உள்ள கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி வையுங்கள். மின்னேற்றம் செய்த செல்லின் மின்முனையை இன்னொரு குப்பியில் போடுங்கள். ஆறு மணி நேரம் கழித்து எது எவ்வளவு நிறம் விட்டிருக்கிறது என்பதைப் பார்த்தாலே எந்த நிலையில் கரைதல் மிகுதி என்பது விளங்கும். இன்னொன்று: உங்கள் செல்கள் சுழன்ற அறையின் வெப்பநிலையைக் குறித்திருக்கிறீர்களா? வேலூரின் மே மாதத்தில், குளிர்சாதனம் இல்லாத அறையில், பகல் சுற்றும் இரவுச் சுற்றும் ஒரே சோதனை ஆகா.

இனி, தீர்வு. கரைதலைத் தடுக்க இந்தத் துறையில் கண்ட வழிகளில் உங்களுக்கு இரண்டு மாதத்தில் எட்டக்கூடியவை இரண்டுதான் என்று நினைக்கிறேன். மின்பகுளியில் உப்பின் செறிவைக் கூட்டினால், கட்டுறாத கரைப்பான் மூலக்கூறுகள் குறைந்து, கரைதலும் குறையும். செலவு கூடும், பாகுத்தன்மையும் கூடும். மற்றொன்று, மூலக்கூறைச் சங்கிலியாகக் கோத்துவிடுவது. 1,5-டைகுளோரோஆந்த்ராகுயினோனைச் சோடியம் சல்ஃபைடுடன் என்.எம்.பி.யில் சூடேற்றினால் குளோரின் வெளியேறி, ஆந்த்ராகுயினோன் அலகுகள் கந்தகப் பாலத்தால் இணைந்த பலபடி கிடைக்கிறது. கந்தகத்தின் எடை சேர்வதால் கோட்பாட்டுக் கொள்திறன் 257-இலிருந்து 225-ஆகக் குறையும். அந்த 32-ஐ இழந்து ஆயுளை வாங்குகிறோம். இத்துறையில் இதைவிட மலிவான பேரம் எனக்குத் தெரிந்து இல்லை.

மூலக்கூறை உப்பாக மாற்றிக் கரைதலைக் குறைப்பது மூன்றாவது வழி. 2008-இல் தாராஸ்கோன், புவாசோ ஆகியோரின் பிரெஞ்சுக் குழு வெளியிட்ட லித்தியம் ரோடிசோனேட் அப்படிப்பட்டது. சோளத்திலிருந்து கிடைக்கும் இனோசிட்டாலிலிருந்து செய்யலாம் என்று காட்டினார்கள், கிராமுக்கு ஏறத்தாழ 580 கிடைத்தது, ஆனால் சுற்றுக்குச் சுற்று தேய்ந்தது. அடுத்த ஆண்டே லித்தியம் டெரெஃப்தலேட்டை எதிர்மின்முனையாக்கி, 0.8 வோல்ட்டில் 300 எடுத்துக் காட்டினார்கள். டெரெஃப்தாலிக் அமிலம் என்பது நாம் குடித்துவிட்டு எறியும் தண்ணீர்ப் பாட்டிலின் மூலப்பொருள்களில் ஒன்று. படிகத்திலேயே ஹைட்ரஜன் பிணைப்புகளால் மூலக்கூறுகளை இறுக்கிக் கரையாமல் செய்யும் வழியும் உண்டு, எம்.ஐ.டி. குழு ஒன்று 2024-இல் வெளியிட்ட அமினோகுயினோன் மின்முனை அந்த வகை. அது உங்கள் ஆய்வேட்டில் மேற்கோளாக இருக்கட்டும், செய்முறையாக வேண்டாம்.

பொருளைக் கைவிட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆந்த்ராகுயினோன் இந்த மண்ணுக்கு அந்நியமும் அன்று. சோழமண்டலக் கரையில் துணிக்குச் செந்நிறம் ஏற்றிய சாயவேரில் இருப்பது அலிசரின். அது இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் சேர்ந்த ஆந்த்ராகுயினோன். அதன் உடன்பிறப்பான பர்ப்புரினை லித்தியம் மின்கலத்தில் வைத்து 2012-இல் கட்டுரை வெளிவந்திருக்கிறது. மருதாணியின் நிறமியான லாசோனும் குயினோன்தான், அதையும் மின்முனையாக்கிப் பார்த்திருக்கிறார்கள். சாயம் என்றாலே எலக்ட்ரானோடு விளையாடும் மூலக்கூறு என்பதால் இதில் வியப்பில்லை.

---

மறுமொழி 2: ஆற்காடு பேட்டரி பணிமனை

சகோதரி, நான் வேதியியல் படித்தவன் அல்லன்; மின் ஸ்கூட்டர்களின் பேட்டரிப் பெட்டிகளைப் பிரித்துப் பழுதுபார்ப்பவன். உங்கள் இரண்டாம் கேள்விக்கு மட்டும் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கோபால்ட்டை அகற்றிவிடும் என்று எழுதுவதற்கு முன், எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பார்க்க வேண்டும். என் மேசைக்கு வரும் பெட்டிகளில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. ஆகவே உங்கள் பொருளுக்கு எதிரே நிற்கும் போட்டியாளர் கோபால்ட் அன்று, இரும்பு.

மேலே நீங்களும் ஆசிரியர் ஐயாவும் எழுதிய எண்களை ஒட்டி நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆந்த்ராகுயினோன் கிராமுக்கு 257, வோல்ட் 2.25 என்று வைத்தால், பெருக்கினால் கிலோவுக்கு 578 வாட்-மணி. இரும்பு பாஸ்பேட் கிராமுக்கு 170, வோல்ட் 3.4, பெருக்கினால் அதுவும் 578. எடையில் இரண்டும் சமம் என்று பார்த்தவுடன் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்கூட்டரின் இருக்கைக்குக் கீழே எடைக்கு இடம் விடுவதில்லை, அளவுக்குத்தான் இடம் விடுகிறார்கள். ஆந்த்ராகுயினோனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.4 கிராமை ஒட்டியது என்றும் இரும்பு பாஸ்பேட்டுடையது 3.6 என்றும் புத்தகத்தில் பார்த்தேன். அப்படியானால் அதே சக்திக்கு இரண்டரை மடங்கு இடம். அதற்கு மேல் நீங்கள் நூற்றுக்கு 30 பங்கு கரித்தூள் வேறு கலந்திருக்கிறீர்கள். அதற்கும் இடம் வேண்டும், அதில் சக்தி இல்லை.

லித்தியம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் இருக்கிறது. இரும்பு பாஸ்பேட் செல்லில் நேர்முனையிலேயே லித்தியம் அடங்கி வருகிறது, எதிரே கிராஃபைட் வைத்தால் போதும். உங்கள் பொருளில் தொடக்கத்தில் லித்தியமே இல்லை. எதிரே உலோகத் தகடு வைத்தாக வேண்டும். லித்தியம் உலோகத்தை நம் ஊர் வெயிலில், குண்டும் குழியுமான சாலையில் ஓடும் வண்டியில் வைப்பதற்கு நான் துணிய மாட்டேன். 2022-இல் வேலூரில் வீட்டுக்குள் மின்னேற்றம் செய்த வண்டி தீப்பிடித்து அப்பாவும் மகளும் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. வாடிக்கையாளர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இன்றும் அதுதான். கரிமப் பொருள் என்பதால் பாதுகாப்பானது என்று எழுதிவிடாதீர்கள். சூடேறினால் சில ஆக்சைடுகள் ஆக்சிஜனை விடும், இது விடாது, அந்த அளவுக்கு நல்லது. ஆனால் நீங்கள் ஊற்றியிருக்கும் ஈத்தர் எரியக்கூடியது.

வண்டியை விட்டுவிட்டு, வீட்டு மாடியில் சோலார் பலகைக்குக் கீழே நிற்கும் பெட்டியைப் பற்றி எழுதினால் இடம் ஒரு பொருட்டே அன்று. இன்வெர்ட்டருக்கு இன்றும் ஈய-அமில பேட்டரியைச் சுமந்துகொண்டு படியேறுகிறோம், யாரும் கன சென்டிமீட்டர் கணக்குப் பார்ப்பதில்லை. அங்கே விலையும் ஆயுளும் மட்டும்தான் பேச்சு.

---

மறுமொழி 3: பேரணாம்பட்டுத் தோல்காரர்

ஆசிரியர் சொன்ன பலபடிச் செய்முறையில் சோடியம் சல்ஃபைடு என்ற பெயரைப் பார்த்தவுடன், வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இதற்காகவேனும் எழுத வேண்டும் என்று அமர்ந்தேன். முப்பது ஆண்டுகளாகத் தோல் பதனிடும் தொழிலில் இருக்கிறேன். சுண்ணாம்போடு சல்ஃபைடு சேர்த்துத்தான் தோலின் முடியை நீக்குகிறோம்; மஞ்சளும் சிவப்பும் கலந்த சில்லுகளாகச் சாக்கில் வரும். அம்மா, அது காரத்தில் இருக்கும் வரை பிரச்சினை இல்லை. அமிலம் பட்ட நொடியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். தொடக்கத்தில் அழுகிய முட்டை நாற்றம் வரும்; செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணி உள்ளே போனவர்கள் திரும்பியதில்லை. கழிவுத் தொட்டிகளில் இறங்கி உயிரிழந்தவர்களின் கதை ஆம்பூரிலிருந்து இராணிப்பேட்டை வரை எல்லா ஊரிலும் உண்டு. வினை முடிந்து வடிகட்டும்போது மிச்ச சல்ஃபைடை அமிலம் விட்டுக் கழுவலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வந்தால், அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெந்நீராலும் பிறகு அசிட்டோனாலும் கழுவுங்கள், புகைப்போக்கிப் பெட்டிக்குள் மட்டும் செய்யுங்கள், கழுவிய நீரை அமிலக் கழிவுக் குடுவையில் ஊற்றாதீர்கள். இன்னொன்று, சில்லு வடிவச் சல்ஃபைடில் நூற்றுக்கு 60 பங்குதான் சல்ஃபைடு, மற்றது பெரும்பாலும் நீர். உங்கள் எடைக் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும்.

இனி என் சொந்த ஆர்வம். குரோம் வருவதற்கு முன் இந்த மாவட்டத்தில் எல்லாத் தோலும் பட்டையில்தான் பதனிடப்பட்டது. ஆவாரம்பட்டை, கடுக்காய், பிறகு வாட்டில் பட்டை. இவற்றில் இருக்கும் டானின் முழுவதும் பென்சீன் வளையத்தில் அடுத்தடுத்து ஹைட்ராக்சில் தொகுதிகளைக் கொண்ட பாலிஃபீனால் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆக்சிஜனேற்றம் அடைந்தால் அதுவே குயினோனாகிறது. பட்டைத் தண்ணீரைக் காற்றில் திறந்து வைத்தால் மறுநாள் கருத்துவிடுவது அதனால்தான். அப்படியானால் எங்கள் தொட்டியில் இருப்பதும் ஒருவகையில் உங்கள் மின்முனைப் பொருள்தானே? ஆவாரம்பட்டைச் சாற்றை வைத்து மின்கலம் செய்ய முடியுமா என்று ஆசிரியர் சொல்ல வேண்டும்.

கரைதல் பற்றி ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்த வகையில் சொல்கிறேன். டானின் நீரில் நன்றாகக் கரையும். தோலில் ஏறிய பிறகு ஏன் கரையவில்லை? தோலின் புரத இழையோடு கைகோத்துக்கொள்வதால். பதனிட்ட தோலைக் கழுவும்போது வடியும் நீரின் நிறத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு பிடித்தது, எவ்வளவு சும்மா ஒட்டியிருந்தது என்று சொல்வோம். மூன்றாம் கழுவலிலும் நீர் சிவந்தால் அந்தத் தோல் சரியாகப் பதப்படவில்லை. உங்கள் பிரிப்புத் தாளின் நிறத்தைப் படித்தபோது அந்தக் கழுவல் நீர்தான் நினைவுக்கு வந்தது.

சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாதது என்ற சொல்லைப் பற்றி: பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை எளிதாக எழுதாதீர்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைக்கு இந்தியா முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. தோல் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அந்தத் தீர்ப்பின் சூட்டை அனுபவித்தவன் நான், அதனால்தான் சொல்கிறேன். பட்டைத் தண்ணீர் வெறும் மரத்தின் சாறு, ஆனாலும் அதை ஓடையில் விட்டால் மீன் செத்து மிதக்கும். பொருள் எதிலிருந்து வந்தது என்பது ஒன்று, செய்து முடித்தபின் என்ன மிஞ்சுகிறது என்பது வேறு.

---

சத்துவாச்சாரி ஆசிரியர்

தோல்காரர் ஐயாவின் எச்சரிக்கையை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். விட்டது என் தவறு. அதோடு, என்.எம்.பி. கரைப்பான் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்பதையும், ஆந்த்ராகுயினோனையே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஐயத்துக்குரிய பொருள்களின் பட்டியலில் 2-பி பிரிவில் வைத்திருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னுரையின் அந்த வரியை அடித்துவிடலாம்.

ஆவாரம்பட்டைக்கு வருகிறேன். முடியும். 2012-இல் மில்சாரெக், இங்கனாஸ் இருவரும் காகித ஆலைக் கழிவில் மிஞ்சும் லிக்னினைப் பாலிபிர்ரோல் என்ற கடத்தும் பலபடியோடு பின்னி மின்முனையாக்கினார்கள். லிக்னினும் உங்கள் டானினைப் போல மரத்தின் ஃபீனால் சரக்கு. அங்கே பாலிபிர்ரோல் செய்த வேலையைத்தான் உங்கள் தொட்டியில் தோலின் புரதம் செய்கிறது; கூடுதலாகப் பாலிபிர்ரோல் மின்சாரத்தையும் கடத்துகிறது. ஒரு வேறுபாடு உண்டு: கடுக்காயின் டானின் நீரில் பிளவுறும் வகை, ஆவாரமும் வாட்டிலும் செறிவுற்ற வகை. அமில ஊடகத்தில் நெடுநாள் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் பின்னதே மேல்.

இதற்குக் கையுறைப் பெட்டி வேண்டாம், லித்தியம் வேண்டாம். பீக்கர், கரித்துணி, அமிலக் கரைசல், மும்முனைச் சோதனைக் கருவி போதும். இவை உங்கள் கல்லூரியிலேயே கிடைக்கக்கூடும். மின்னழுத்தம் குறைவாகவே கிடைக்கும், கொள்திறனும் பெரிதாக இராது. ஆனால் ஆய்வேட்டின் கடைசி இயலாக, கரைதல் என்ற ஒரே சிக்கலை இரண்டு வேறு ஊடகங்களில் ஒப்பிட்டுக் காட்டலாம். ஆற்காட்டு நண்பரின் கணக்கையும் சேர்த்தால், யாரும் சேர்க்கத் தயங்கும் ஒரு பக்கம் உங்கள் ஆய்வேட்டில் இருக்கும். எடைக்கு மட்டும் கணக்குச் சொல்லிவிட்டு அளவுக்குக் கணக்குச் சொல்லாமல் நழுவுவது இந்தத் துறையின் கட்டுரைகளில் நான் காணும் கெட்ட பழக்கம்.

---

காட்பாடி மாணவி (ஐந்து வாரங்களுக்குப் பின்)

மூவருக்கும் நன்றி. நடந்ததைப் பதிவு செய்கிறேன்.

அடுப்பின் கதவில் ஊசிப் படிகங்கள் இருந்தன. மேல் விளிம்பில் மட்டுமல்ல, வெற்றிடக் குழாயின் வாயிலும் மஞ்சளாக ஒட்டியிருந்தன. விரல்நுனியால் தொட்டபோது பொடிந்தன. பிறகு வெற்றிடமில்லாமல் 60 பாகையில் இரண்டு நாள் உலர்த்தினேன். முதல் சுற்றின் கொள்திறன் 190-இலிருந்து 221-ஆக உயர்ந்தது. ஆனால் இருபதாம் சுற்றில் 61. ஆக, ஆசிரியர் சொன்னது போல் இரண்டு குறைகளும் தனித்தனியானவை.

குப்பிச் சோதனையில், மின்னிறக்கம் செய்த மின்முனை போட்ட குப்பி பத்தே நிமிடங்களில் சிவக்கத் தொடங்கியது. ஆறு மணி நேரத்தில் தேயிலைச் சாற்றின் நிறம். மின்னேற்றம் செய்த மின்முனையின் குப்பி வெளிர்மஞ்சளாகவே நின்றது. பாதி மின்னிறக்கம் செய்த மூன்றாவது குப்பியையும் வைத்தேன். அதுவே எல்லாவற்றிலும் கருஞ்சிவப்பு. இதற்கான காரணத்தை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: ஒரே ஓர் எலக்ட்ரானை ஏற்ற இடைநிலை அயனி, இரண்டு லித்தியம் அயனிகளால் கட்டுண்ட கடைசி நிலையைவிட எளிதில் கரைகிறது. இது சரியா என்று சொல்லுங்கள்.

பலபடியைச் செய்தேன், தோல்காரர் ஐயா சொன்னபடி வெந்நீரிலும் அசிட்டோனிலும் மட்டும் கழுவினேன், ஆய்வக உதவியாளர் அருகிலேயே நின்றார். பழுப்பு நிறப் பொடி, எந்தக் கரைப்பானிலும் கரையவில்லை. முதல் சுற்றில் 184, இருபதில் 173, ஐம்பதில் 168. பிரிப்புத் தாள் வெள்ளையாகவே இருந்தது. திறந்து பார்த்த செல்லை மீண்டும் மூட முடியாது என்று தெரிந்தும் அதைப் பார்ப்பதற்காகவே ஒரு செல்லைத் திறந்தேன்.

ஆவாரம்பட்டையைக் குடியாத்தம் சாலையில் ஒரு நாட்டுமருந்துக் கடையில் வாங்கி, வடித்து, கரித்துணியில் ஏற்றினேன். முதல் வருடலில் (மின்னழுத்தத்தை ஒருமுறை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளப்பது) ஆக்சிஜனேற்ற முகடும் ஒடுக்க முகடும் தெளிவாக வந்தன. பத்தாவது வருடலுக்குள் பீக்கரின் நீர் இளஞ்சிவப்பாகி, முகடுகள் பாதியாகிவிட்டன. பாலிபிர்ரோலோடு சேர்த்துச் செய்தபோது தேய்வு குறைந்தது, ஆனால் கிடைத்த கொள்திறனில் எவ்வளவு டானினுடையது, எவ்வளவு பாலிபிர்ரோலுடையது என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. அதை அப்படியே எழுதிவிட்டேன்.

முன்னுரையில் கோபால்ட் பற்றிய வாக்கியத்தையும் கேடில்லாதவை என்ற சொல்லையும் நீக்கி, இரும்பு பாஸ்பேட்டோடு எடைக்கும் அளவுக்கும் தனித்தனியாக ஒப்பிட்ட அட்டவணையைச் சேர்த்திருக்கிறேன்.

---

சத்துவாச்சாரி ஆசிரியர்

இடைநிலை அயனி பற்றிய உங்கள் விளக்கம் சரி. பாதி நிலைக் குப்பியை வைக்கும்படி நான் சொல்லவில்லை. அது உங்களுடைய யோசனை, ஆய்வேட்டிலும் அதை முன்னிறுத்துங்கள்.

பாலிபிர்ரோலின் பங்கைப் பிரிப்பதற்கு, டானின் இல்லாமல் பாலிபிர்ரோல் மட்டும் ஏற்றிய கரித்துணியை அதே நிபந்தனைகளில் வருடி, எடைக்கு எடை கழித்துப் பாருங்கள். முழுமையாகச் சரியாக வராது, ஆனால் எல்லையைக் காட்டும். கடைசியாக ஒன்று: பலபடி மின்முனையில் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் பூசினீர்கள் என்பது உங்கள் பதிவில் எங்கும் இல்லை. ஒரு மில்லிகிராமை ஒட்டி இருக்கும் என்று ஊகிக்கிறேன். விற்பனைக்கு வரும் செல்களில் அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் பூசுகிறார்கள். 168 என்று எழுதும் அதே வரியில் அந்த எண்ணையும் எழுதுங்கள், வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

---

பேரணாம்பட்டுத் தோல்காரர்

நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய ஆவாரம்பட்டை பழையதாக இருந்திருக்கும். நாளான பட்டையில் டானினின் ஒரு பகுதி கருத்துச் செத்துவிடும், சாறும் கலங்கலாக வரும். மீண்டும் செய்வதாக இருந்தால், கிளையை வெட்டி, அன்றே உரித்து, நிழலில் உலர்த்திய பட்டையை எடுங்கள். அறுபது பாகைக்கு மேல் சூடில்லாத நீரில் ஊறவைத்து, முதல் சாற்றை மட்டும் பயன்படுத்துங்கள். தேவையென்றால் ஒரு கிலோ எடுத்து வைக்கிறேன்.